கபில் தேவ் கார்டில் ஒரு பேனாக் கிறுக்கல்

கார்டு சேர்க்கிறேன் என்று சொன்னால் இப்போதெல்லாம் முதல் கேள்வியே "என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்கிற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் போட்ட ஓர் அட்டை 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் அன்றைக்கு ஏறக்குறைய நூறு கோடி ரூபாய். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அட்டை அது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, பரணில் பழைய பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு நப்பாசை.

என்னிடம் இருப்பது ஒரு கட்டு கிரிக்கெட் ட்ரம்ப் கார்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கியது. ஒரு கேம்லின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருக்கிறது. எந்த ஏலக்காரரிடம் கொண்டுபோனாலும் காலணா தேறாது. மூலைகள் எல்லாம் மழுங்கிவிட்டன. கட்டியிருந்த ரப்பர் பேண்டு உருகி, மேலே இருந்த கார்டின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. ஒரு கார்டில் பேனாவால் எழுதியிருக்கிறது. சந்தை எதையெல்லாம் பழுது என்று தள்ளுகிறதோ, அதெல்லாம் இருப்பதால்தான் நான் இந்தக் கட்டை விடாமல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

கார்டுச் சந்தை எப்படி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிஎஸ்ஏ, எஸ்ஜிசி என்று கார்டுகளுக்கு மதிப்பெண் போடுகிற நிறுவனங்கள் இருக்கின்றன. கார்டை அனுப்பி வைத்தால், நான்கு மூலையும் கூராக இருக்கிறதா, விளிம்பு பிசிறு தட்டியிருக்கிறதா, படம் சரியாக நடுவில் அமர்ந்திருக்கிறதா, மேலே கீறல் உண்டா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். பிறகு கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மறுபடி திறக்க முடியாதபடி மூடி, மேலே சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்த நூறு கோடி ரூபாய் மேன்டில் வாங்கிய மதிப்பெண் ஒன்பதரை. 1952ல் டாப்ஸ் நிறுவனம் அச்சடித்த கார்டு. 1985ல், முப்பது வருடத்துக்கும் மேலாகக் கலையாமல் கிடந்த ஒரு குவியலிலிருந்து ஆலன் ரோசன் என்கிற வியாபாரி எடுத்தது. எந்தப் பையனும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியதில்லை. யாரும் அதை வைத்துப் பந்தயம் கட்டியதில்லை.

சிறுபிள்ளைகள் கையில் புழங்கட்டும் என்று அச்சடித்த பொருளில், எந்தப் பிள்ளையின் கையும் படாத ஒன்றுக்குத்தான் உச்ச விலை. எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

எங்கள் கட்டின் கதைக்கு வருகிறேன். அப்பா ரயில்வே. அரக்கோணத்தில் குவார்ட்டர்ஸ் வீடு. அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். ட்ரம்ப் கார்டு வருவதற்கு முன்னால் வீட்டில் இருந்தது பிக் ஃபன் பபிள்கம் படங்கள்தான். கம்மோடு சேர்ந்து வரும் சின்ன அட்டை, ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர், கூடவே இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று ஓர் எண். அட்டையை மூக்கருகில் கொண்டுபோனால் ஒரு தித்திப்பு வாசனை அடிக்கும். ரன்னைச் சேர்த்துக் கொடுத்தால் கடையில் பரிசு. பரிசு வாங்கினவர்களிடம் படம் மிஞ்சவில்லை, எங்களிடமும் மிஞ்சவில்லை. வீட்டுச் சுவரில் ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையின் நடுப்பக்கப் படங்கள் ஒட்டியிருந்தன. அவையும் வெள்ளையடிக்கும்போது போய்விட்டன.

ட்ரம்ப் கார்டு மட்டும் தங்கியது. அப்பா ஒரு நாள் பாரிஸ் கார்னரில் பிளாட்பாரக் கடையில் வாங்கி வந்தார். ஆடத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: கட்டைக் கலைத்து, ஆளுக்குச் சமமாகப் போட வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் ஓர் ஆட்டக்காரரின் படம், கீழே மேட்ச், ரன், சதம், விக்கெட், கேட்ச் என்று வரிசையாக எண்கள். முறை வந்தவர் தன் மேல் கார்டைப் பார்த்து, அதில் எது பெரிய எண்ணோ அதைச் சொல்லுவார். மற்றவர்களும் தங்கள் மேல் கார்டில் அதே வரியைப் பார்க்க வேண்டும். யாருடையது பெரிதோ அவருக்கு எல்லாக் கார்டும் போகும். கவாஸ்கர் வந்தால் யோசிக்கவே வேண்டாம், சதம், 34. விவியன் ரிச்சர்ட்ஸ் வந்தாலும் ரன்னில் அடிக்கலாம். மால்கம் மார்ஷல் வந்தால் விக்கெட். போத்தம் வந்தால் மட்டும் குழப்பம். ரன்னும் இருக்கும், விக்கெட்டும் இருக்கும், எதைச் சொல்வது என்று கை நடுங்கும்.

கரண்ட் போனால் குவார்ட்டர்ஸ் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி ஆட்டம். பையன்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். "பாப்பாவுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பத்தில் சேர்க்க மாட்டார்கள். அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும், "அவளும் ஆடுவா, இல்லாட்டி கட்டு கிடையாது" என்பான். கட்டு எங்களுடையது என்பதால் வேறு வழியில்லை. எண்களை நான் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன். வாய்ப்பாடு சொல்லத் தெரியாத வயதில் ஆலன் பார்டர் எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறார் என்று சொல்லுவேன்.

இப்படியே ஆடி ஆடி ஒரு கட்டத்தில் ஆட்டமே மாறிவிட்டது. கார்டுகளின் பின்பக்கம் எல்லாமே ஒரே மாதிரி அச்சானவை. ஆனால் கை படப் பட ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வந்துவிட்டது. இம்ரான் கானின் முதுகில் ஒரு எண்ணெய்ப் பொட்டு, யாரோ முறுக்கு தின்ற கையோடு எடுத்தது. ரிச்சர்ட்ஸுக்கு இடது கீழ் மூலை மடிந்து நிமிர்த்தியிருக்கும். கவாஸ்கர் கார்டு லேசாக வளைந்திருக்கும், தரையில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். எதிராளி கையில் மேலே இருப்பது யார் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். தெரிந்துகொண்டே ஆடினால் அது போங்கு ஆட்டம்தானே? அதனால் ஒரு விதி கொண்டுவந்தோம். மேல் கார்டைக் கையால் மூடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கையால் மூடிப் பிடித்ததில் இன்னும் அழுக்கு சேர்ந்தது. மதிப்பெண் போடுகிறவர்கள் மேஜைக்கு இந்தக் கட்டு போனால் ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு மதிப்பெண் குறைப்பார்கள். எனக்கு அந்தப் பொட்டுகள்தான் ஆள் பெயர்கள். இம்ரானின் முதுகைப் பார்த்தால் முறுக்கு தின்றவன் யார் என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன்.

பேனாக் கிறுக்கலுக்கு வருகிறேன். கார்டில் இருக்கும் எண்கள் அச்சான வருடத்தோடு நின்றுவிடும். ஆட்டக்காரரோ தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பார். எங்கள் கட்டில் ரிச்சர்ட் ஹாட்லியின் விக்கெட் 431. அவர் 1990லேயே ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் அந்த எண் முழு எண். கபில் தேவின் கார்டில் இருந்ததோ பழைய எண், நானூறைக்கூடத் தொடாதது. ஆகவே ஹாட்லி வந்துவிட்டால் கபில் தோற்றே ஆக வேண்டும். அண்ணனுக்கு அது தாங்காது. 1994 தொடக்கத்தில் கபில் ஒவ்வொரு விக்கெட்டாக ஹாட்லியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நாடே ஒரு சாதனைக்குக் காத்திருந்தது. எங்கள் திண்ணையோ ஒரு ட்ரம்ப் கார்டு மாறுவதற்குக் காத்திருந்தது.

பிப்ரவரி 8, அகமதாபாத், இலங்கைக்கு எதிரான டெஸ்ட். திலகரத்னே அடித்த பந்தை மஞ்ச்ரேக்கர் பிடித்தார். 432. பள்ளிக்கூடம் விட்டு வந்த அண்ணன் பையைக்கூடக் கழற்றவில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, கபில் கார்டை எடுத்து, விக்கெட் வரியில் அச்சிலிருந்த எண்ணின் மேல் ஒரே கோடாக இழுத்து, பக்கத்தில் நீல ரெனால்ட்ஸ் பேனாவால் 432 என்று எழுதினான். கார்டின் மேல் வழவழப்புப் பூச்சு இருந்ததால் மை பிடிக்கவில்லை. அழுத்தி அழுத்தி எழுதியதில் அட்டையில் பள்ளமே விழுந்துவிட்டது. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அந்த 4, 3, 2 தெரியும்.

அன்று சாயந்திரம் ஆட்டத்தில் அண்ணனுக்குக் கபில் வந்தது. எதிரே ஸ்டேஷன் மாஸ்டர் மகன். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "விக்கெட், நானூத்தி முப்பத்திரெண்டு" என்றான். எதிராளி தன் கார்டைத் திருப்பிப் போட்டான். ஹாட்லி.

"கொண்டா கார்டை" என்றான் அண்ணன்.

"போங்கு! பேனால எழுதினதெல்லாம் செல்லாது."

"பேப்பர்ல வரும், நாளைக்குப் பாரு."

"பேப்பர்ல வந்தா பேப்பர வச்சு ஆடு. கார்டுல அச்சுல இருக்கறதுதான் கணக்கு."

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. இப்போது யோசித்தாலும் யார் சொன்னது சரி என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒருத்தன் ஆட்டத்துக்கு உண்மையாக நின்றான், ஒருத்தன் கபிலுக்கு உண்மையாக நின்றான். கடைசியில் கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டார்கள்: எல்லாக் கார்டுக்கும் அச்சில் இருப்பதே கணக்கு, கபிலும் ஹாட்லியும் நேருக்கு நேர் வந்தால் மட்டும் பேனா எண் செல்லும். இப்படி ஒரு சட்டம் உலகத்தில் அந்தத் திண்ணையைத் தவிர வேறெங்கும் இருந்திருக்காது. கபில் அதற்குப் பின் இன்னும் இரண்டு விக்கெட் எடுத்து, மார்ச்சில் நியூசிலாந்தில் தன் கடைசி டெஸ்டை ஆடினார். அண்ணன் 432ஐ அடித்துவிட்டு 434 என்று மறுபடி எழுதினான். இந்தத் தடவை சண்டை வரவில்லை.

கார்டுச் சந்தைக்காரர் யாராவது இதைப் பார்த்தால், எழுதிய கார்டு, அதுவும் இரண்டு தடவை எழுதிய கார்டு என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். அவருடைய கணக்கு அவருக்குச் சரி. வாங்குகிறவருக்கு அண்ணனைத் தெரியாதே.

கபிலைத் தவிர இன்னொரு கார்டையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். ட்ரம்ப் கார்டு ஆட்டத்தில் இதைப் போல ஒரு பாவப்பட்ட கார்டு கிடையாது. டெஸ்ட் வாழ்க்கை மொத்தமே 43 ஆட்டம், 2,062 ரன், இரண்டே சதம். எதைச் சொன்னாலும் தோல்விதான். கவாஸ்கருக்கு முன்னால் வைத்தால் சதத்தில் இரண்டுக்கு முப்பத்து நாலு. ஆனால் கட்டைப் பிரித்துப் போட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது, "ஸ்ரீகாந்த் யார்கிட்ட?" என்றுதான். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியையும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் அவர்தான், 38. ஆன்டி ராபர்ட்ஸை முட்டி போட்டு ஸ்கொயர் டிரைவ் அடித்ததை அப்பா நடித்தே காட்டுவார். மெட்ராஸ்காரர், நம்ம ஆள். அந்த 38ஐ எழுத ட்ரம்ப் கார்டில் வரி கிடையாது. முட்டி போட்டு அடித்த அடிக்கு எண் கிடையாது. ஸ்ரீகாந்தை எதிராளியிடம் இழக்க மனசு வராமல், மற்ற நான்கு கார்டு தருகிறேன், இதை மட்டும் விட்டுவிடு என்று பேரம் பேசுவோம். ஆட்டத்தில் தோற்கடிக்கிற கார்டுக்கு நான்கு நல்ல கார்டு விலை. என்னைப் பொறுத்தவரை பாசத்தின் மதிப்பு என்று நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது இந்தப் பேரத்தைத்தான்.

இதே கதையின் இன்னொரு முகம் அமெரிக்காவில் இருக்கிறது. கார்டு சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பெயர் ஹோனஸ் வாக்னர். 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த டி206 என்கிற வரிசையில் அவர் படமும் இருந்தது. தன் படம் போடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பையன்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள், காசு தராததுதான் காரணம் என்றும் சொல்வார்கள். எப்படியோ, இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை சில பத்துகள்தான். அவற்றில் மிகப் பிரபலமான ஒன்றை 1991ல் ஐஸ் ஹாக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கி இன்னொருவரோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். பிஎஸ்ஏ மதிப்பெண் போட்ட முதல் கார்டு அதுதான். பத்துக்கு எட்டு. எண்பது வருடத்துக் காகிதம், மூலைகள் கத்தி போல.

கத்தி போல இருந்ததற்குக் காரணம் கத்திதான். அந்தக் கார்டின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013ல் ஒப்புக்கொண்டார். படித்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. எண்பது வருடத்தில் யார் யாரோ அந்தக் கார்டைத் தொட்டிருப்பார்கள். அவர்கள் தொட்டதில் மழுங்கிய ஓரத்தை மில்லிமீட்டர் கணக்கில் நறுக்கி எறிந்துவிட்டு, யாரும் தொடாத மாதிரி காட்டியிருக்கிறார்கள். தூக்கி எறிந்த அந்தச் சன்னமான காகிதக் கீற்றுதான் அந்தக் கார்டின் உண்மையான வயது.

அமெரிக்கப் பையன்களும் நம்மைப் போலத்தான் புழங்கியிருக்கிறார்கள். சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் படுகிற மாதிரி கார்டைத் துணிக் கிளிப்பால் மாட்டிவிட்டு, மோட்டார் சைக்கிள் போல படபடவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு ஓட்டுவார்களாம். சுவரில் எறிந்து பந்தயம் ஆடுவார்களாம். பையன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போனதும் அம்மா அறையைச் சுத்தம் செய்து கார்டுகளைக் குப்பையில் கொட்டிவிடுவார். பழைய கார்டுகள் அரிதானதற்கு அம்மாக்கள்தான் காரணம் என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. எங்கள் பக்கம் அந்த வேலையைப் போகி செய்தது. மார்கழி கடைசி நாள் விடிகாலையில் கிழிந்த பாயோடும் பழைய நோட்டோடும் எத்தனை கார்டுகள், எத்தனை தீப்பெட்டிப் படங்கள் எரிந்திருக்கும்! எங்கள் அம்மாவும் ஒரு போகிக்கு முந்தின இரவு ஜாமெட்ரி பாக்ஸைக் கையில் எடுத்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வாங்கி, ரயில்வே காகிதங்கள் வைக்கும் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். கபிலும் ஸ்ரீகாந்தும் தப்பித்தது அப்படித்தான்.

கார்டை அச்சடித்த நிறுவனங்களுக்கே அதன் அருமை தெரியவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1952 டாப்ஸ் வரிசையை வடிவமைத்தவர்களில் ஒருவரான சை பெர்கர், விற்காமல் கிடங்கில் கிடந்த அதே கார்டுகளை 1960ல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். மேன்டில் கார்டுகளும் அதில் போயின. அதற்கு நேர்மாறானது எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நடந்தது. கார்டு என்றால் காசு என்று ஊரே நம்பத் தொடங்கியதும், நிறுவனங்கள் கோடிக்கணக்கில் அச்சடித்தன. வாங்கினவர்கள் பிரிக்காமலேயே பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்தினார்கள். பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லாமே புத்தம் புதிதாக மிஞ்சின. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றை வாங்க ஆளில்லை. அவற்றில் காசும் இல்லை, யாருடைய முறுக்கு எண்ணெயும் இல்லை. அந்தப் பெட்டிகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கார்டு உலகத்தில் எனக்குப் பெரிய ஆள் ஒருவர் உண்டு. ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலம் சிராக்யூஸில் மின்சாரச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைப் பொருத்துகிற வேலை. கல்யாணம் இல்லை. மூட்டுவாதம் கை கால்களைப் படுத்திக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் குப்பை என்று நினைத்த காகிதங்களை அவர் சேர்த்தார்: சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு, எல்லாம். எந்தக் கம்பெனி எந்த வரிசையை வெளியிட்டது என்று பட்டியல் போட்டுப் புத்தகமாக்கினார். டி206 என்ற பெயரே அவர் வைத்த குறிதான், உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை என்பார்கள்.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்களை அவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சும்மா கொடுத்தார். அதில் பேஸ்பால் கார்டுகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். கொடுத்ததோடு விடவில்லை. 1959ல் நியூயார்க்குக்கே குடிபோய், அருங்காட்சியகத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து, விரல் மடங்காத கையோடு ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார்.

ஒட்டினார் என்பதைக் கவனியுங்கள். பசை போட்டு ஒட்டினார். பின்பக்கம் பசை ஏறிய கார்டுக்குச் சந்தையில் என்ன கதி என்று இந்த விஷயம் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அவர் ஒட்டியவற்றில் ஒரு ஹோனஸ் வாக்னரும் இருக்கிறது. கோடிகளை அவர் பசையால் ஒட்டிவிட்டார் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர் கையால் ஒட்டிய அந்தப் பக்கங்களை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மேன்டிலுடைய பிளாஸ்டிக் உறையைப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை.

அண்ணன் இப்போது புனேயில் இருக்கிறான். போன மாதம் அலமாரியை ஒதுக்கும்போது கபில் கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன்.

"அது உன் பேனாடி" என்றான்.

"எது?"

"அந்த ரெனால்ட்ஸ். என்னுதுல மை தீந்துபோச்சு. உன் பையில இருந்து எடுத்தேன். நீ அழுதே."

எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கார்டை நான் வைத்திருக்கிறேன், அதில் பாதிக் கதை புனேயில் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். அப்பாவின் ஸ்கொயர் டிரைவ் வந்தது, அரிக்கேன் விளக்கு வந்தது, முறுக்கு தின்ற பையன் வந்தான். கடைசியில், "ஸ்ரீகாந்தை எனக்குக் குடுத்துடு, கபில நீ வச்சுக்கோ" என்று பழைய பேரத்தை ஆரம்பித்தான். கட்டைப் பிரிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இந்த மாதிரிக் கட்டு உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றிரண்டு வேலை செய்துவையுங்கள். ரப்பர் பேண்டை முதலில் கழற்றுங்கள். வெயில் காலத்தில் அது உருகிக் கார்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தையும் உரித்துக்கொண்டு வரும். பருத்தி நாடா போதும். லேமினேட் செய்துவிடாதீர்கள். யாரிடமிருந்து வந்தது, யாரோடு ஆடியது என்று ஒரு தாளில் எழுதி, கார்டோடு வையுங்கள். பிள்ளைகள் கேட்டால் ஆடக் கொடுங்கள். மூலை மழுங்கினால் மழுங்கட்டும்.

எங்கள் கட்டில் ஒரு கார்டு குறைகிறது. விவியன் ரிச்சர்ட்ஸ், இடது கீழ் மூலை மடிந்து நிமிர்த்தியது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றல் ஆனபோது, சாமான் ஏற்றிய அன்று காலை கடைசியாக ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஆட்டம் முடியவில்லை, வண்டி வந்துவிட்டது. அவர் மகன் கையில் இருந்த கார்டு அவன் கையோடு போய்விட்டது என்பது அண்ணனின் நம்பிக்கை. பழைய கார்டு விற்கும் தளத்தில் அதே வரிசையில் ரிச்சர்ட்ஸ் ஒன்று கிடந்தது, மடிப்பு இல்லை, கறை இல்லை, விலையும் அதிகமில்லை. வாங்கத் தோன்றவில்லை. அந்த ஹாட்லிக்காரர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அந்த ரிச்சர்ட்ஸ் அவரிடம் இன்னும் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், கார்டைத் திருப்பித் தர வேண்டாம்.